குத்துமதிப்பு முதலில், கால்குலேட்டர் பிறகு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலோ சி.பி.எஸ்.இ.யிலோ படிக்கும் மாணவி பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கணிதத் தேர்வறைக்குள் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாது. ஜே.இ.இ. தேர்விலும் அதே விதிதான். சில மாதங்களில் அவளே பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், முதல் செமஸ்டரிலேயே சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கி வரச் சொல்வார்கள். கேசியோ எஃப்எக்ஸ்-991 இல்லாத பொறியியல் மாணவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிப்பு முடிந்து கேட் தேர்வு எழுதப் போனால் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் தயாராக இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் தொடக்கூடாததாக இருந்த பொருள் ஒரே கோடை விடுமுறையில் கட்டாயமாகிவிடுகிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்போது சந்தேகப்படுவது என்று சொல்லித்தர இடையில் ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படுவதில்லை.

இதன் விளைவு கல்லூரி ஆசிரியர்களுக்குப் பழக்கமானது. கால்குலேட்டர் ரேடியனில் இருப்பதைக் கவனிக்காமல் சைன் 30 என்று அடித்தால் −0.988 வரும். சரியான விடை 0.5 என்பது பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் ஆனதால் இந்தப் பிழை பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சைன் 40 என்று அடிக்கும்போதுதான் சிக்கல். ரேடியனில் 0.745 வரும், பாகையில் 0.643. முதல் விடையில் சந்தேகப்பட எதுவும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் சைன் 45 என்பது 0.707. குறுங்கோணம் சிறிதானால் சைனும் சிறிதாக வேண்டும். ஆகவே சைன் 40-க்கு 0.745 வரவே வழியில்லை. இதை யோசிக்க இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடி யோசிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏன் வருவதில்லை என்பதே என் கவலை.

மாணவர்கள் கால்குலேட்டரை நம்பலாமா என்ற கேள்வி அரை நூற்றாண்டாக உலகெங்கும் கேட்கப்படுகிறது. நம்மூரில் பெற்றோரும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ‘கூடவே கூடாது’ என்கிறார்கள். விடை எந்த அளவில் வரும் என்று குத்துமதிப்பாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை அதை நம்பலாம், தெரியாத பிள்ளையிடம் அதைக் கொடுப்பது ஆபத்து என்பது என் கட்சி. நம் பள்ளிக்கூடம் கால்குலேட்டரைத் தடுக்கிறது, குத்துமதிப்பையும் கற்றுத்தருவதில்லை. இரண்டாவது குறைதான் பெரியது.

கருவியே இடத்துக்கு இடம் வேறு விடை தரும் என்பதைக்கூட நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மளிகைக்கடை மேசையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாக அடித்தால் 20 காட்டும். சயின்டிஃபிக் கால்குலேட்டரில் அதையே அடித்தால் 14. கடைக் கால்குலேட்டர் அடித்த வரிசையிலேயே முதலில் கூட்டி, வந்ததை நான்கால் பெருக்குகிறது. மற்றது பெருக்கலை முடித்துவிட்டுக் கூட்டுகிறது. இரண்டும் பழுதானவை அல்ல. கணிதத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதிப்படி 14 தான் சரி. இந்த இரண்டு கருவிகளையும் ஆறாம் வகுப்பு மேசையில் அருகருகே வைத்து அடித்துக் காட்டினால், எந்தச் செயலை முதலில் செய்வது என்ற விதிக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அளவைப் பற்றிய யோசனை எப்போது நழுவியது என்று பார்க்கச் சற்றுப் பின்னால் போவோம். 1972-இல் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் எச்பி-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டரை 395 டாலர் விலைக்குக் கொண்டுவந்தது. மடக்கை, சைன், கொசைன் எல்லாம் அதில் பொத்தானை அமுக்கினால் வந்தன. அதற்குமுன் பொறியாளர்களின் கையில் இருந்தது ஸ்லைடு ரூல் என்ற நகரும் அளவுகோல். மாணவர்களிடம் மடக்கை அட்டவணை, அதாவது லாக் புக். இந்த இரண்டு பழைய கருவிகளிலும் ஒரு குணம் உண்டு. அவை விடையின் இலக்கங்களைத் தரும், அளவைத் தராது. ஸ்லைடு ரூலுக்கு 4.827 × 6.39 என்பதும் 4827 × 0.0639 என்பதும் ஒரே நகர்வுதான். இரண்டுக்கும் 3, 0, 8 என்ற இலக்கங்களைக் காட்டிவிட்டு நின்றுவிடும். தசமப்புள்ளி எங்கே என்பதை, கையில் பிடித்திருப்பவர் தன் மனத்தில் போட்டாக வேண்டும்.

லாக் புக்கில் அது இன்னும் வெளிப்படை. 4827-க்கு அட்டவணை .6837 என்ற தசமப் பகுதியை மட்டும் தரும். எண்ணில் நான்கு இலக்கங்கள் இருப்பதால் முன்னால் 3 போட வேண்டும் என்பது மாணவரின் வேலை. 0.0639-க்கு .8055. புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம் இருப்பதால் முழு எண் பகுதி −2 என்று கண்டு, 2-க்கு மேலே கோடு போட்டு எழுதுவார்கள். இரண்டையும் கூட்டினால் 2.4892. எதிர்மடக்கை அட்டவணையில் .4892-க்கு 3084. முழு எண் பகுதி 2 என்பதால் விடை மூன்று இலக்க எண், 308.4. இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் மாணவர் தாமாகவே ‘இந்த எண் எவ்வளவு பெரியது’ என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கேட்கத் தவறினால் விடை பத்து மடங்கோ நூறு மடங்கோ பிசகும்.

லாக் புக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அட்டவணையில் விரல் வைத்துத் தேடிய நேரத்தில் பெரும்பகுதி வீண் உழைப்பு. ஆனால் அந்த உழைப்புக்கு நடுவே அளவைப் பற்றிய யோசனை ஒன்று கட்டாயமாக நடந்துகொண்டிருந்தது. கால்குலேட்டர் வந்தபோது வீண் உழைப்போடு சேர்ந்து அந்த யோசனையும் போய்விட்டது. போனதைத் தனியாக எடுத்துப் பாடமாக வைத்திருக்க வேண்டும். யாரும் வைக்கவில்லை.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவில் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமான என்.சி.டி.எம். 1980-லேயே எல்லா வகுப்புகளிலும் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. பெரிய சண்டை மூண்டது. ரே ஹெம்ப்ரீ, டொனால்ட் டெசார்ட் இருவரும் அதுவரை வந்திருந்த 79 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 1986-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பாடத்தோடு சேர்த்துக் கால்குலேட்டரைப் பயன்படுத்திய சராசரி மாணவர்களின் காகிதக் கணக்குத் திறன் குறையவில்லை, பல இடங்களில் கூடியது, கணிதத்தின் மீதான மனப்பான்மையும் மேம்பட்டது என்றார்கள். ஒரே ஒரு விலக்கு, நான்காம் வகுப்பு. அங்கே தொடர்ந்து கால்குலேட்டரைப் பயன்படுத்திய சராசரி மாணவர்களின் அடிப்படைத் திறன் வளர்வது தடைபட்டதாகத் தெரிந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் கால்குலேட்டர் ஆதரவாளர்கள் நான்காம் வகுப்பை விட்டுவிடுவார்கள். எதிர்ப்பாளர்கள் நான்காம் வகுப்பை மட்டும் சொல்வார்கள். 2003-இல் ஐமி எலிங்டன் மேலும் 54 ஆய்வுகளைத் தொகுத்தபோது இன்னொன்று தெளிவானது. பாடத்தில் மட்டுமன்றித் தேர்விலும் கால்குலேட்டர் இருந்த இடங்களில்தான் கணக்குத் திறனும் சிக்கல் தீர்க்கும் திறனும் கூடின. தேர்வில் இல்லாதபோது கெடுதல் வரவில்லை, ஆனால் அந்த அளவு நன்மையும் வரவில்லை. தேர்வில் இல்லாத ஒன்றை எந்த நாட்டிலும் பிள்ளைகள் மனம் வைத்துக் கற்பதில்லை என்பது இதில் தெரிகிறது.

இங்கிலாந்தின் அனுபவம் இதைவிடச் சுவாரசியமானது. 1980-களின் நடுவில் ஹிலரி ஷுவார்ட் என்ற கல்வியாளர் தொடக்கப் பள்ளிகளில் ஒரு துணிச்சலான திட்டத்தை நடத்தினார். சிறு பிள்ளைகளிடம் கால்குலேட்டர் எப்போதும் இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவது, கழிப்பது போன்ற வழக்கமான முறைகளை ஆசிரியர்கள் கற்றுத்தர மாட்டார்கள். அதற்குப் பதிலாக மனக்கணக்குக்கும், தாங்களே வழி கண்டுபிடிப்பதற்கும் நேரம் கொடுப்பார்கள். பிள்ளைகள் 3-இலிருந்து 5-ஐக் கழித்துப் பார்த்து, திரையில் வந்த குறை எண் என்னவென்று ஆசிரியரைக் கேட்டார்கள். பாடத்திட்டம் சில ஆண்டுகள் கழித்துத் தர வேண்டிய விஷயத்தை அவர்களே வாசலில் சந்தித்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தின் வழி வந்த பள்ளிகளைப் பின்னாளில் ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கென்னத் ருத்வென் ஒரு முக்கியமான செய்தியைப் பதிவு செய்தார். அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக மனக்கணக்காகவே போட்டார்கள். கால்குலேட்டரோடு வளர்ந்தவர்கள் அதைக் குறைவாக நாடினார்கள்! காரணம் கருவியில் இல்லை. அங்கே மனக்கணக்குக்கு வகுப்பறையில் மதிப்பு இருந்தது, நேரம் இருந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார்.

அரசியல் வேறு பக்கம் போனது. 2012-இல் அப்போதைய கல்வித் துறை இணையமைச்சர் எலிசபெத் டிரஸ் (பின்னாளில் சில வாரங்கள் பிரதமராக இருந்தாரே, அவர்தான்), 11 வயதுப் பிள்ளைகளின் தேசியத் தேர்வில் கால்குலேட்டர் கூடாது என்று அறிவித்தார். 2014 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்விலோ மூன்று தாள்களில் முதல் தாள் கால்குலேட்டர் இல்லாமல், மற்ற இரண்டும் கால்குலேட்டரோடு. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிறு வயதில் தாமதிக்க வேண்டும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2008-இல் பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் அலெக்சாண்டர் மிசிகெவிச்சும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சோதித்தார்கள். சிலர் விடையைத் தாங்களே யோசித்துச் சொன்னார்கள், சிலர் கால்குலேட்டரில் அடித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே வாய்ப்பாடு ஓரளவு தெரிந்த பிள்ளைகளுக்கு எந்த முறையானாலும் வேறுபாடு இல்லை. தெரியாத பிள்ளைகளுக்குத் தாங்களே யோசித்ததுதான் பலன் தந்தது. யாருக்குக் கால்குலேட்டர் மிகவும் தேவை என்று நாம் இரக்கப்பட்டுக் கொடுப்போமோ, அந்தப் பிள்ளைக்கே அது அதிகம் கெடுதல் செய்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். கணிதக் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் நிலைமை வேறு. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு சி.பி.எஸ்.இ. கால்குலேட்டர் அனுமதித்திருப்பது நியாயமான முடிவு.

கால்குலேட்டர் மீதான மூட நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019-இல் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்குத் திரையில் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்து, அது வேண்டுமென்றே தப்பான விடை தரும்படி செய்தார்கள். விடை அபத்தமாக இருந்தாலொழியப் பெரும்பாலோர் சந்தேகப்படவில்லை. எண்களோடு நல்ல பழக்கம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சந்தேகப்பட்டார்கள்.

இங்கேதான் ‘பார்த்தீர்களா, அதனால்தான் தடை வேண்டும்’ என்று சிலர் எழுவார்கள். தடை இருந்தால் எண்ணறிவு தானாக வந்துவிடும் என்பதுதான் நம்மிடம் உள்ள பெரிய நம்பிக்கை. அதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் கிட்டத்தட்ட எவ்வளவு? தெரிவுகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஒன்றுக்கு மிக அருகில் இருப்பவை, எனவே 2. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம். அதைவிட அதிகம் பேர் 19-ஐத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு ஈடாக 21-ஐயும். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே மதிப்பீட்டில் இன்னொரு கேள்வி வந்தது. ஒரு ராணுவப் பேருந்தில் 36 பேர் ஏறலாம், 1128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தலைப் பத்தில் ஏழு பேர் சரியாகச் செய்தார்கள். 32 என்ற விடையை எழுதியவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் அவர்களைவிட அதிகம். மீதிப் பன்னிரண்டு பேர் தெருவில் நிற்பார்களே என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. கையில் இயந்திரம் இல்லாமலே இயந்திரம்போல் வேலை செய்யப் பழக்கிவிட முடியும்.

நம் நாட்டுச் சான்று இன்னும் கூர்மையானது. 2025-இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரைச் சோதித்தார்கள். எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கு, 1.4 கிலோ வெங்காயம் என்று வாங்கினால் எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது போன்ற கணக்குகளைக் காகிதமோ கால்குலேட்டரோ இல்லாமல் அவர்களில் ஏறக்குறைய அனைவரும் சரியாகப் போட்டார்கள். அதே அளவு அல்லது அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தபோது திணறினார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், சந்தைப் பழக்கம் இல்லாத 471 பிள்ளைகள் நேர்மாறாக இருந்தார்கள். காகிதக் கணக்கை ஓரளவு போட்டவர்களுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. கால்குலேட்டர் தடை செய்யப்பட்ட நம் வகுப்பறை சந்தையில் நிற்கத் தெரியாத கணக்கைக் கற்றுத்தருகிறது, சந்தையில் நிற்கத் தெரிந்த பிள்ளையை அடையாளம் காணவும் தெரியாமல் இருக்கிறது. இதே சிக்கலை 1985-இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில் டெரசின்யா நூனஸ் குழுவினர் கண்டிருந்தார்கள். அங்கே 12 வயது இளநீர் விற்கும் பையனிடம் ஒன்று 35 வீதம் பத்து எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நான்கு வேண்டும், அப்படியானால் 315, பிறகு 350 என்று ஏறிப் போனான். பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடு என்ற பள்ளி விதியை அவன் தேடவே இல்லை. மூன்றின் விலை அவன் நாள்தோறும் சொல்லும் விலை. தெரிந்த எண்ணிலிருந்து தெரியாத எண்ணுக்கு அவன் ஏறிய அந்தப் படிகள்தான் எண்ணறிவு.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய பிள்ளைகளும் மா, காணி, முந்திரி என்று நுணுகும் பின்னங்களை நெல் அளவோடும் நில அளவோடும் சேர்த்தே மனத்தில் ஏற்றினார்கள். ஆய்வாளர் செந்தில் பாபு இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளிகளின் பிரம்பையும் சாதிக் கதவையும் நான் மறக்கவில்லை. ஆனால் முந்திரி, அதாவது 1/320, அங்கே வெறும் குறியாக இருக்கவில்லை.

இன்றைய நிலைமை என்ன? கிராமப்புற இந்தியாவில் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின் 2024 அறிக்கைப்படி, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. இவர்களைக் கால்குலேட்டர் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவர்கள் வகுப்பில் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் கையால் எதைச் செய்ய வேண்டும், எதை இயந்திரத்திடம் விடலாம்? ‘அடிப்படை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. ஒரு கைவேலை அடுத்து வரும் கணிதத்துக்கு விதையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாக்கு நுனியில் இருந்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் x² + 15x + 56 என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னால், பெருக்கினால் 56, கூட்டினால் 15 வரும் எண்கள் 7-உம் 8-உம் என்று கண்ணில் படவேண்டும். 7-ஐயும் 8-ஐயும் பெருக்கிக் காட்டும் சாதாரணக் கால்குலேட்டர், 56-ஐப் பார்த்ததும் அந்த இரண்டையும் நினைவூட்டாது. பின்னக் கூட்டலும் அப்படியே. 1/3 + 1/4 என்பதைத் திரை 0.5833 என்று காட்டும். 7/12 என்று கையால் கண்ட பிள்ளைக்கு மட்டும்தான் பிறகு 1/a + 1/b என்பது புரியும்.

நீள்வகுத்தலைச் சிலர் முழுக்கத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்றை ஏழால் வகுத்தால் திரை 0.1428571 என்று இடம் உள்ளவரை காட்டிவிட்டு நிற்கும். அது திரும்பத் திரும்ப வருமா, ஏன் வரும் என்று அதனால் சொல்ல முடியாது. கையால் வகுக்கும் பிள்ளைக்கு மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 என்று வந்து மறுபடி 1 வரும்போது பொறி தட்டும். ஏழால் வகுத்தால் பூஜ்யத்தைத் தவிர ஆறு மீதிகள்தான் சாத்தியம், ஆகவே ஏழாவது படிக்குள் ஏதாவது ஒன்று திரும்பியே ஆக வேண்டும். விகிதமுறு எண்கள் பற்றிய பெரிய உண்மை ஒன்று அந்த மீதிகளின் வரிசையில் கிடக்கிறது. இதைக் கண்டுகொள்ள ஓரிலக்க எண்ணால் வகுப்பது போதும். ஐந்து இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் வகுக்கும் பத்துக் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதால் எந்த விதையும் முளைக்காது. எண்களின் வர்க்கமூலத்தை நீள்வகுத்தல் முறையில் காண்பதையும் நான் விட்டுவிடுவேன். அதற்குப் பதிலாக 50-இன் வர்க்கமூலம் 7-க்குச் சற்று மேலே என்று முதலில் பிள்ளை சொல்லட்டும். 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7.1429, அதற்கும் 7-க்கும் சராசரி 7.0714. இதே வேலையை இன்னொரு முறை செய்தால் 7.0710678, எட்டு இலக்கத்துக்குச் சரியான விடை. ஊகம் பிள்ளையுடையது, வகுத்தல் மட்டும் கால்குலேட்டருடையது.

கால்குலேட்டர் இல்லாததால் நாம் கற்பிக்காமல் விட்ட கணிதமும் உண்டு. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி வருகிறது. கையால் போட வேண்டும் என்பதால் கணக்குகள் 10 சதவீதம், இரண்டு ஆண்டு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. பிள்ளையின் வீட்டிலோ ‘ரெண்டு வட்டி’க்குக் கடன் இருக்கும், நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வட்டி கட்டாமல் விட்டு அது அசலோடு சேர்ந்துகொண்டே போனால் கடன் எப்போது இரட்டிப்பாகும்? 1.02-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தால் 35-ஆவது மாதம் இரண்டைத் தொடும் தூரத்துக்கு வந்து, 36-ஆவது மாதம் தாண்டும். மூன்றே ஆண்டு. ‘பத்து வட்டி’ என்றால் எட்டாவது மாதமே இரட்டிப்பு. கால்குலேட்டர் கையில் இருந்தால் அரைப் பாடவேளையில் ஒரு வகுப்பு முழுக்க இதைப் பார்த்துவிடும். பத்தாம் வகுப்பில் இன்னும் மேலே போகலாம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 17,356 ரூபாய். இருபது ஆண்டில் கட்டும் மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரத்துக்குப் பக்கம். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்! பெருக்குத் தொடர் பாடத்தின் உயிருள்ள பயன்பாடு இதுதான், ஆனால் 240 மாதக் கணக்கைக் கையால் போட யாராலும் முடியாது என்பதால் நம் பிள்ளைகள் இதைப் பார்க்காமலே பள்ளியை முடிக்கிறார்கள்.

எல்லாம் கடைசியில் வினாத்தாளில் வந்து நிற்கிறது. தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகக் கணிதக் கற்பித்தல் குறித்து ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். கணிதம் என்றாலே இயந்திரத்தனமான கணக்கிடல் என்ற எண்ணத்தை நம் மதிப்பீட்டு முறை வளர்க்கிறது என்று அந்தக் குழு அப்போதே சொன்னது. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் வினாத்தாளில் எண்கள் இன்னும் ஒழுங்காகவே வருகின்றன. இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் பெரும்பாலும் முழு எண்களாகவே அமைகின்றன. தீர்வு முழு எண்ணாக வரவில்லையென்றால் தன் கணக்கில் பிழை என்று மாணவர் முடிவு செய்கிறார். உலகம் அவருக்கு அப்படி வரப்போவதில்லை.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வின் கணிதத்தில் இரண்டு தாள்கள். 2009 முதல் இரண்டாம் தாளில் கால்குலேட்டர் அனுமதி, முதல் தாளில் இல்லை. நான்காம் வகுப்பு வரை கையாலும் மனத்தாலும் போட்டுப் பழகிய பிள்ளையின் கையில் அதன்பிறகே கருவி வருகிறது. பன்னாட்டுக் கணித ஒப்பீடுகளில் தொடர்ந்து முன்னணியில் நிற்கும் நாடு அது. அதன் வெற்றிக்குக் கால்குலேட்டர் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கால்குலேட்டரால் அது கெட்டுப்போகவில்லை என்று சொல்லலாம். சிங்கப்பூர் ஆசிரியரின் பயிற்சியும் வசதியும் நம்மிடம் இல்லை என்பதால் ஐந்தாம் வகுப்பு நமக்குச் சீக்கிரம். எட்டாம் வகுப்பு பொருத்தமாக இருக்கும். அதற்குள் வாய்ப்பாடும் பின்னமும் சதவீதமும் மனத்தில் இறங்க நேரம் இருக்கிறது.

ஏழைப் பிள்ளைகள் எப்படி வாங்குவார்கள் என்று கேட்பார்கள். வடிவியல் பெட்டியும் நிலப்பட ஏடும் விலையில்லாமல் கொடுக்கும் அரசு இது. நான்கு செயல்களும் சதவீதமும் வர்க்கமூலமும் உள்ள சாதாரணக் கால்குலேட்டரைப் பள்ளிக்கு ஒரு வகுப்பு அளவுக்கு வாங்கி வைப்பது அதற்குமேல் கடினமான காரியம் அல்ல. வீட்டில் கைப்பேசி இருக்கும் பிள்ளை இப்போதே வீட்டுக்கணக்கை அதில் அடித்துக்கொண்டுதான் வருகிறது. தடை இருப்பதால் அதை ஒளித்துச் செய்கிறது, ஒளித்துச் செய்வதை யாரும் திருத்த முடிவதில்லை.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடநூல் எழுதுவோரிடமும், வினாத்தாள் வடிவமைக்கும் தேர்வுத் துறையிடமும் கேட்பது இதுதான். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் கால்குலேட்டர் வேண்டாம். அதில் குத்துமதிப்புக் கேள்விகளுக்கு என்று மதிப்பெண் ஒதுக்குங்கள், துல்லிய விடை கேட்காதீர்கள், எந்த அளவில் வரும், ஏன் என்று கேளுங்கள். இரண்டாம் பகுதியில் கால்குலேட்டரைக் கொடுத்து, வட்டியும் மக்கள்தொகையும் மழையளவும் உள்ளது உள்ளபடியான எண்களோடு வரட்டும். கணித ஆசிரியர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் எந்தப் பொத்தானையும் தொடும்முன் விடை எவ்வளவு இருக்கும் என்று நோட்டின் ஓரத்தில் பேனாவால் எழுத வேண்டும், பிறகு அதை அடிக்கவோ திருத்தவோ கூடாது என்று ஒரு விதியை நாளைக்கே வைக்கலாம்.